இரைச்சலும் காதடைப்பானும்

நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் அனுப்பிய கடிதம் நம் மேசைமீது இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவர் வேண்டுகோள். விசைத்தறியில் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்று உழைத்தவர்; இன்னும் உழைப்பவர். தறிக்கூடத்து இரைச்சல் தம்மை ஒருபொழுதும் வருத்தியதில்லை என்கிறார். ஆனால் இப்பொழுது வீட்டில் ஓர் எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தால் நெஞ்சு பதறுகிறதாம். பேரக்குழந்தை வீறிட்டு அழுதால் எழுந்து தெருவுக்குப் போய்விடத் தோன்றுகிறதாம். வீட்டார் இதனை முன்கோபம் என்று எண்ணி ஒதுங்கி நடக்கின்றனர். ஆகவே வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் இரு காதுகளிலும் பஞ்சை அடைத்துக்கொள்கிறார். பஞ்சைவிட நன்றாக அடைக்கக்கூடிய காதடைப்பான் எது, அதிகமாக அடைப்பது எது என்பதே அவர் கேள்வி.

கேள்வி சிறியது. ஆனால் அதற்குள் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. தறியில் காதைத் திறந்துவைத்து வீட்டில் மூடிக்கொள்வது முதற்பிழை. அதிகமாக அடைப்பதே சிறந்தது என்று கருதுவது இரண்டாம் பிழை. விசைத்தறிக்காரருக்கும், டிராக்டரும் கதிரடிக்கும் யந்திரமும் ஓட்டும் விவசாயிக்கும், இவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழும் பெண்டிருக்கும் குழந்தைகளுக்கும் இது பொதுவான விஷயமாதலின் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இரைச்சலை டெசிபல் என்னும் அளவால் குறிக்கிறார்கள். இது கெஜக்கோலைப் போன்ற நேர் அளவு அன்று. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் சக்தி இரு மடங்காகும். 10 ஏறினால் பத்து மடங்காகும். ஒரு தறி நம் காதருகே 90 டெசிபல் இரைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தொலைவில் அதே போன்ற இன்னொரு தறியும் ஓடினால் மொத்தம் 180 ஆகிவிடாது, 93 தான் ஆகும். நான்கு தறிகளுக்கு 96, எட்டுத் தறிகளுக்கு 99. மாற்றிச் சொன்னால், கூடத்தில் பாதித் தறிகளை நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும். நாடா பெட்டியில் மோதும் ஓசை ஓயாத தறிக்கூடங்களில் 95 முதல் 100 டெசிபல் வரை இரைச்சல் இருப்பது சாதாரணம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் காது தாங்கக்கூடிய எல்லை 85 டெசிபல் என்று அமெரிக்கத் தொழிற்சுகாதார நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி, 100 டெசிபலுக்குக் கால் மணி நேரந்தான். நம் தோழர்களோ ஷிப்டு முழுவதும் அதில் நிற்கிறார்கள்.

இதனால் கெடுவது உட்செவியில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள். அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது மெல்லிய, கூரிய ஓசைகளைக் கேட்கும் திறன். ஆதலின் பேச்சில் ச, த, ப முதலிய எழுத்துகள் மங்கி, பேசுவது கேட்கும் ஆனால் விளங்காது. இதனுடன் ஒரு விசித்திரமும் சேர்வதுண்டு. மெல்லிய ஓசை கேளாத அதே காதுக்கு, பலத்த ஓசை முன்னைவிடக் கொடுமையாகத் தோன்றும். "சத்தமாகச் சொல்" என்று கேட்டவரே அடுத்த நொடியில் "ஏன் கத்துகிறாய்?" என்று சினப்பதை நாம் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். அது குணக்கேடு அன்று, காதின் கேடு. காது நன்றாகக் கேட்பவர்களுக்கும் சாதாரண ஓசைகள் தாங்கமுடியாமற்போவதுண்டு. ஒற்றைத் தலைவலி, தலையில் அடிபடுதல், முகவாதம் ஆகியவற்றோடு இது தோன்றும்; ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் மிகுதியாகக் காணப்படும்.

இனிப் பஞ்சைப் பற்றி. நூலோடு பழகிய நமக்குப் பஞ்சுதான் முதலில் கைக்கு வருகிறது. ஆனால் உலர்ந்த பஞ்சின் இழைகளுக்கிடையே காற்று தடையின்றிப் போகும். காற்று போகுமிடமெல்லாம் ஒலியும் போகும். அது சில டெசிபல்களையே குறைக்கும். பெர்லின் நகரத்து மருந்துக்கடைக்காரர் மாக்ஸ் நெக்வெர் என்பவர் 1907-இல் பஞ்சை மெழுகோடு சேர்த்து உருட்டிக் காதடைப்பான் செய்தார். வேலை செய்தது மெழுகே. இன்று எங்கும் கிடைக்கும் அமுங்கு நுரை அடைப்பான் 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ராஸ் கார்ட்னர் என்பவரும் அவர் கூட்டத்தாரும் கண்டுபிடித்த நுரையிலிருந்து வந்தது. விரலால் உருட்டி நசுக்கினால் அது மெல்ல மெல்லவே பழைய பருமனுக்குத் திரும்பும். அந்தத் தாமதந்தான் அதன் ரகசியம். கடையில் காதடைப்பான் என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். 'இயர் பிளக்' என்றால் எடுத்துக் கொடுப்பார்.

உறையின்மேல் என்.ஆர்.ஆர். என்றோ எஸ்.என்.ஆர். என்றோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். முன்னது அமெரிக்க முறை, பின்னது ஐரோப்பிய முறை. 33 என்று கண்டவுடன் 33 டெசிபல் குறையும் என்று நம்பிவிடக் கூடாது. அது சோதனைச்சாலையில், பிறர் மேற்பார்வையில், சரியாகப் பொருத்திக்கொண்டவர்களிடம் எடுத்த கணக்கு. தொழிற்கூடத்தில் அவ்வாறு நடப்பதில்லை. அதனால் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறையினர் ஒரு சிக்கனக் கணக்கை வைத்திருக்கிறார்கள்: என்.ஆர்.ஆர். எண்ணில் 7-ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். 33-இல் 7 போக 26. அதில் பாதி 13. தறிக்கூடம் 98 டெசிபல் எனில் காதுக்குள் போவது 85. எல்லைக்கு வந்துவிட்டோம். எண் 20 உள்ள அடைப்பானாயின் ஆறரைதான் குறையும். 98 டெசிபல் தறிக்கு அது போதாது.

எண்ணைக் காட்டிலும் முக்கியமானது, எடுக்காமல் அணிந்திருப்பது. உண்மையாகவே 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானை ஒருவர் எட்டு மணி நேர ஷிப்டில் அணிகிறார். ஆனால் இரைச்சலுக்கு நடுவில் பேசுவதற்கும் அரிப்புக்குமாக மொத்தம் அரை மணி நேரம் கழற்றிவிடுகிறார் என்று கொள்வோம். அன்றைய கணக்கில் அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு 30 அன்று. சுமார் 12 தான். ஆகையால் காதில் உறுத்தாமல் ஷிப்டு முழுவதும் தங்கக்கூடிய சுமாரான அடைப்பான், உறுத்திக் கழற்றவைக்கும் உயர்ந்த அடைப்பானைவிட மேலானது. பேசவேண்டுமாயின் கூடத்தை விட்டு வெளியே வந்து கழற்றுவதே முறை.

"அடைத்துக்கொண்டால் தறியின் ஓசை மாறுவதும், மேஸ்திரி கூப்பிடுவதும் தெரியாதே" என்று கேட்பவர்கள் உண்டு. பேச்சும் இரைச்சலும் சேர்ந்தே தாழ்வதால், காது நல்ல நிலையிலுள்ளவர் பலத்த இரைச்சலில் அடைப்பானோடு முன்போலவே, சில சமயம் முன்னிலும் தெளிவாகவே, பேச்சை அறிவார். சில நாள் பழக்கம் வேண்டும். ஏற்கெனவே செவித்திறன் குறைந்தவர்களுக்கு மட்டும் இந்த ஆட்சேபணை நியாயமானது. அவர்கள் மருத்துவரைக் கேட்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நுரை அடைப்பானைப் பொருத்தும் முறை பலருக்குத் தெரியாது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். சாயக்கையும் எண்ணெய்க்கையும் ஆகா, மருந்து தெளித்த கை அறவே ஆகாது. அடைப்பானை மடிப்பு விழாமல் மெல்லிய திரிபோல் உருட்டவேண்டும். எதிர்ப்பக்கத்துக் கையைத் தலைக்குமேலாகக் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த துவாரம் நேராகும். உடனே திரியை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை, அதாவது இருபது முப்பது எண்ணும்வரை, விரல் நுனியால் பிடித்திருக்கவேண்டும். பெரும்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பொருந்தவில்லை. ஒருவர் இரு காதுகளே ஒரே அளவாக இருப்பதில்லை என்பதால், முதலில் இரண்டு அளவுகளில் ஒவ்வொரு ஜோடி வாங்கிப் பார்ப்பது சிக்கனம். நுரையைச் சில தடவைகளுக்குமேல் பயன்படுத்த இயலாது. பஞ்சுத் தூசு ஏறி அழுக்கடையும். குடைபோல் அடுக்கு விளிம்புகள் கொண்ட சிலிக்கோன் அடைப்பானைக் கழுவிக் கழுவிப் பல மாதம் வைத்துக்கொள்ளலாம்; கயிறு கோத்தது கிடைத்தால் நலம். காதில் சீழ் வடிபவர்களும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் எந்த அடைப்பானும் செருகலாகாது. காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் நம் வீட்டு வழக்கமும் இவர்களுக்கு ஆகாது. காதின்மேல் கவிழும் மூடி இவர்களுக்கு ஏற்றது. குழந்தைகளுக்கும் அதுவே. சிறு அடைப்பானை வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் சிக்கும்.

இதுவரை சொன்னது தறிக்கும் யந்திரத்துக்கும். வீட்டுக்கு வேறு கணக்கு.

வீட்டில் ஓசைகள் நம்மை வருத்துகின்றன என்றாலும் பெரும்பாலானவை காதைக் கெடுப்பன அல்ல. தட்டு விழுவதும், பேச்சும், குக்கர் விசில் அடிப்பதும் கண நேரத்தன. இவற்றுக்கு அஞ்சி நாள் முழுதும் காதை மூடியவர் நிலை என்னவாகும்? 2003-இல் அமெரிக்காவில் கிரெய்க் ஃபார்ம்பி முதலியோர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நல்ல செவியுள்ளவர்களை இரண்டு வாரம், நாளில் பெரும்பகுதியும், காதடைப்பானோடு இருக்கச் செய்தார்கள். கழற்றியபின் அவர்களுக்கு ஒலிகள் முன்னைவிடப் பலமாகத் தோன்றின. மெல்லிய இரைச்சல் ஒன்றை இடையறாது கேட்கச் செய்தபோதோ இதற்கு நேர்மாறு. இருட்டறையில் இருந்து வந்த கண்ணுக்கு வெயில் கூசுவதைப் போன்றது இது: ஒலி குறையக் குறைய, மூளை தன் கவனத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஆக, நம் அன்பர் பஞ்சை அடைக்க அடைக்க எவர்சில்வர் தட்டு இன்னும் பலமாகத்தான் விழும்.

அப்படியாயின் வீட்டில் ஒன்றும் வேண்டாமா? வேண்டும், ஆனால் வேளை பார்த்து. கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி முழங்கும்போதும், தீபாவளி வெடியின்போதும், நீண்ட பேருந்துப் பயணத்திலும், மாவு அரைக்கும் நேரத்திலும் செருகிக்கொண்டு, அது முடிந்ததும் கழற்றிவிடவேண்டும். இதற்கு நுரை உகந்ததன்று. அது கூரிய ஓசைகளை மிகுதியாகவும் கனத்த ஓசைகளைக் குறைவாகவும் தடுப்பதால் பேச்சு மொத்தையாகி, எதிரில் இருப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலிருக்கும். நம் குரலே நமக்குள் முழங்கும். நடுவில் சிறு வடிகட்டி வைத்து எல்லா ஓசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவாக 15 முதல் 20 டெசிபல் வரை தாழ்த்தும் அடைப்பான்கள் உண்டு. இசைவாணர்களுக்காக உண்டானவை, பேச்சு விளங்கும், அதிர்ச்சி குறையும். விலை சற்று அதிகம், ஆனால் வெகுநாள் உழைக்கும். இதிலும் பெரிய எண் உள்ளதைத் தேடவேண்டா, விளம்பரங்களும் வேண்டா.

உறக்கத்துக்கு மட்டும் நுரையும் மெழுகும் பொருந்தும். தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் இரவு ஷிப்டு ஓடும்போது இது ஆடம்பரமன்று. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு மிருதுவானதாகவும், காதைவிட்டு வெளியே நீட்டாததாகவும் இருத்தல் வேண்டும். கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டில் எல்லோரும் ஒருசேர அடைத்துக்கொண்டு உறங்கலாகாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்குமேல் இரைச்சல் கூடாது; இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விதி இருக்கிறது, நம் ஊர்த் திருவிழாக் குழுவினர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஒரு காதில் மட்டும் ஓயாத ரீங்காரம், காதில் வலி, தலைச்சுற்றல் ஆகியவை இருந்தால் அடைப்பானை நம்பிக் காலம் கடத்தாமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போகவேண்டும். திடீரென ஒரு காது கேளாமற்போனால் அன்றே போகவேண்டும். முதற்சில நாட்களில் தொடங்கும் சிகிச்சைக்கே பலன் மிகுதி.

ஜோடி ஜோடியாகச் சில்லறையில் வாங்குவதைவிட, சங்கத்தின் மூலம் மூன்று அளவுகளில் பெட்டியாகத் தருவித்தால் விலை பெரிதும் குறையும் என்பதை நிர்வாகக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

கடிதம் எழுதிய அன்பருக்கு நம் விடை இதுதான். நாளை முதல் தறியில் நுரை அடைப்பானோடு நில்லுங்கள். வீட்டில் பஞ்சை ஒரே நாளில் எறிந்துவிடாமல், நாள்தோறும் சிறிது நேரமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அமைதியான வேளையில் வானொலியை மெல்ல வைத்துக் கேளுங்கள். செவித்திறன் சோதனைக்குப் போகும்போது வீட்டாரில் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இது கோபமன்று என்பதை மருத்துவர் வாயால் அவர்களும் கேட்கட்டும்.