மடிக்கணினியும் புறத்திரைகளும்

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவியபோது அலுவலகம் நம் வீடுகளுக்குள் புகுந்தது. தொற்று தணிந்து ஆண்டுகள் சில கடந்த பின்னும் அது முற்றிலும் வெளியேறிவிடவில்லை. செம்பூரிலும் மாதுங்காவிலும், தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் உணவு மேசையின் ஒரு பாதி இன்று அலுவலுக்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டது. கணக்கெழுதுவோர், மென்பொருள் ஆக்குவோர், கட்டட வரைபடம் வரைவோர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர்க்கெல்லாம் மடிக்கணினியின் சிறிய திரை போதாமற் போகிறது. இரண்டு பெரிய திரைகளை வெளியே வைத்து, கணினியை அவற்றோடு இணைத்துக்கொள்ள விரும்புகின்றனர். விருப்பம் நியாயமானதே.

திரைகளை வாங்குவது எளிது; அவற்றை இயக்கவல்ல கணினியைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். "பெரிய திரை இரண்டை இணைக்கவேண்டும்" என்று நாம் கடையிற் சென்று கேட்டால், "அப்படியானால் பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ளதாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. மும்பை லாமிங்டன் சாலை, தில்லி நேரு பிளேஸ், பெங்களூர் எஸ்.பி. சாலை ஆகிய எங்குச் சென்றாலும் பல்லவி இதுவே. இதிற் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதிக்கு நாம் பணம் கொடுக்கிறோம்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் அம்மையார் தணிக்கையாளர் ஒருவருக்காக வீட்டிலிருந்தபடியே வரிக்கணக்கு எழுதுகிறார். ஒரு திரையிற் பேரேடும் மற்றொன்றில் வரிப்படிவமும் விரிந்திருந்தால் அவருக்கு வேலை விரைவாக முடியும். ஊருக்குச் சென்றுவரச் சேர்த்து வைத்திருந்த தொகையையும் எடுத்து, 27 அங்குல 4கே திரைகள் இரண்டும், விளையாட்டுக்கென ஆக்கப்பட்ட கனத்த மடிக்கணினி ஒன்றும் வாங்கினர். வீட்டிற்கு வந்து இணைத்தபோது ஒரு திரையே ஒளிர்ந்தது. அக்கணினியில் எச்.டி.எம்.ஐ. போர்ட் ஒன்றே இருந்தது. அருகிலிருந்த டைப் சி போர்ட்டோ தரவை மட்டும் கடத்துவது, படத்தைக் கடத்தாதது. கிராபிக்ஸ் கார்டின் ஆற்றலில் குறையொன்றும் இல்லை. அவ்வாற்றல் வெளியே வருதற்கு வழிதான் இல்லை. அவ்வாண்டு அக்குடும்பத்தார் ஊருக்குப் போகவில்லை.

இத்தகைய இழப்பு பிறர்க்கும் நேராதிருக்க, திரையில் நடப்பது யாதென்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். முழு எச்.டி. எனப்படும் வழக்கமான திரையில் கிடையாக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 வரிசைகளும் உள்ளன. ஆகமொத்தம் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 3840 புள்ளிகளும் 2160 வரிசைகளும் அமைந்திருப்பதால் மொத்தம் 83 லட்சம் ஆகிறது. அதாவது, ஒரு 4கே திரை நான்கு பழைய திரைகளுக்குச் சமம். இப்புள்ளிகளை நினைவகத்தில் வைத்திருக்க எவ்வளவு இடம் வேண்டும்? புள்ளியொன்றுக்கு 4 பைட் எனக் கொண்டால் ஒரு திரைக்கு 33 மெகாபைட். மூன்று திரைக்கு 100 மெகாபைட். நிரல்கள் தத்தம் சாளரங்களுக்கென எடுத்துக்கொள்ளும் இடத்தையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும். ஆயினும், பெட்டியின்மேல் 4 ஜி.பி., 6 ஜி.பி. என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கும் கிராபிக்ஸ் நினைவகம், பேரேட்டையும் கடிதத்தையும் காட்டுவதற்குத் தேவையானதன்று என்பது இதனால் விளங்கும். செயலியோடு உடன்பிறந்த கிராபிக்ஸே இப்பணிக்குப் போதும்.

நெருக்கடி நினைவகத்தில் இல்லை; பாதையில் உள்ளது. 83 லட்சம் புள்ளிகளையும் நொடிக்கு 60 முறை புதுப்பித்து அனுப்பினால் நொடியொன்றுக்கு ஏறத்தாழ 12 கிகாபிட் ஓடவேண்டும். 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 என்னும் பாதை இதனைத் தாங்காது. 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 2013இல் வந்த 2.0 என்னும் பதிப்பு 60 முறை அனுப்பும். இரண்டிற்கும் போர்ட்டின் வடிவம் ஒன்றே. கண்ணால் பார்த்து வேறுபாடு காண இயலாது. முப்பதாற் கெடுவது என்ன என்று சிலர் வினவுவர். திரைப்படம் பார்ப்பவர்க்கு ஒன்றும் கெடாது. எழுத்து வேலை செய்பவர்க்கோ எலிக்குறி தத்தித் தத்தி நகரும். பக்கத்தை மேலும் கீழும் உருட்டினால் எழுத்துகள் துள்ளும். எட்டு மணிநேரம் அதன்முன் அமர்பவர் அயர்ந்துவிடுவர். ஆதலின் "4கே வருமா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், "60 ஹெர்ட்ஸில் வருமா?" என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

பாதை அகலமாயிருப்பினும், எத்தனை திரைக்குத் தனித்தனிப் படம் அனுப்பலாம் என்பதற்குச் சில்லு ஒவ்வொன்றிலும் ஓர் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. இன்டெல் செயலிகளில் 2012 முதல் மூன்று திரைகளும், 2020இல் வந்த பதினோராம் தலைமுறை முதல் நான்கு திரைகளும் இயலும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 6000 வரிசையிலும் நான்கு. என்விடியாவின் ஜிபோர்ஸ் கார்டுகளிலும், அவற்றின் விலை எத்துணை உயர்ந்ததாயினும், நான்கே. மடிக்கணினியின் சொந்தத் திரையும் இக்கணக்கில் ஒன்றாகச் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஆப்பிள் கணினி வாங்குவோர் இவ்விடத்திற் சிறப்பாக விழித்திருத்தல் வேண்டும். 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏர் ஒரே ஒரு புறத்திரையைத்தான் ஏற்கும். 2022இல் வந்த எம்2 ஏரும் அவ்வாறே. 2024இல் வந்த எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு புறத்திரை இயங்கும். 2025இல் வந்த எம்4 ஏரில் மூடி திறந்திருக்கும்போதே இரண்டும் இயங்கும். எம்1 புரோ சில்லில் இரண்டு, மேக்ஸ் சில்லில் நான்கு. வேகத்தில் எம்1 இன்றும் குறைசொல்ல முடியாத பொறிதான். விலை குறைந்ததென்று அதைப் பழையதாக வாங்கி இரண்டு திரைகளைப் பூட்ட முயல்வோர்க்கே ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒரு போர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் எளிய கருவிகள் விண்டோஸ் கணினியில் இரு வேறு படங்களைத் தரும்; மேக் கணினியில் அதே கருவி இரண்டு திரைகளிலும் ஒரே படத்தையே காட்டும்.

இனி, தனிக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளைப் பற்றி. இவற்றுள் உண்மையில் இரண்டு கிராபிக்ஸ்கள் உள்ளன: செயலியோடு சேர்ந்தது ஒன்று, தனியே அமர்ந்தது மற்றொன்று. எந்தப் போர்ட் எந்தக் கிராபிக்ஸோடு கம்பியால் இணைந்திருக்கிறது என்பதை ஆக்கியோன் முடிவு செய்கிறான். நாம் பின்னால் மாற்ற இயலாது. விளையாட்டுக் கணினிகள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. போர்ட் தனிக் கார்டோடு இணைந்திருக்கும். அதில் ஒரு திரையைச் செருகியதும், நாம் எழுதுவது இரண்டு வரிக் கடிதமேயாயினும், அக்கார்டு உறங்காமல் விழித்திருக்கும். விசிறி சுழலும், மேசை சூடேறும், மின்செலவும் கூடும். மே மாதத்து நாக்பூர் வெயிலில் ஒற்றை அறையில் அமர்ந்து வேலை செய்பவரை இதுபற்றிக் கேட்டால் விளக்கமாகச் சொல்வார். என்விடியா கார்டு உள்ள கணினியில், அதன் கட்டுப்பாட்டுப் பலகத்தில் பிசிக்ஸ் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், இணைத்த திரை எந்தக் கிராபிக்ஸைச் சார்ந்தது என்பது படமாகவே காணப்படும்.

டைப் சி போர்ட்டில்தான் குழப்பம் மிகுதி. முட்டை வடிவில் அமைந்த அந்த ஒரே துளை சில கணினிகளில் தரவு மட்டும் கடத்தும். சிலவற்றில் மின்னூட்டமும் ஏற்கும். சிலவற்றிற் படமும் அனுப்பும். தண்டர்போல்ட் எனப்படுவது இவை யாவும் செய்யும். போர்ட்டின் அருகில் டி, பி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் பிணைந்த குறியிருப்பின் படம் வரும். மின்னல் குறியிருந்தால் தண்டர்போல்ட் எனக் கொள்ளலாம். ஆனால் மின்னலைச் சுற்றி மின்கலத்தின் வடிவம் வரைந்திருப்பின் அது மின்னூட்டத்தைக் குறிப்பதேயன்றித் தண்டர்போல்ட்டைக் குறிப்பதன்று. குறியே இல்லாதவையும் உள. ஆகையால் ஆக்கியோனின் இணையதளத்தில் அந்தக் குறிப்பிட்ட மாதிரியின் விவரப் பட்டியலைப் படித்துவிட்டே கடைக்குச் செல்வது நலம். தண்டர்போல்ட் 4 என்று அதில் எழுதியிருப்பின் ஐயத்திற்கு இடமில்லை. 60 ஹெர்ட்ஸில் இரண்டு 4கே திரைகளை இயக்கவல்லதாக இருத்தல் வேண்டும் என்பது 2020இல் வெளிவந்த அந்நெறியின் கட்டாய விதி.

தண்டர்போல்ட் இல்லாத டைப் சி கணினியோடு டாக் என்னும் இணைப்புப் பெட்டியை வைத்துக்கொள்வோர் ஒன்றை அறியவேண்டும். அத்துளையில் வேகத் தடங்கள் நான்கு உள்ளன. பெட்டி அவற்றுள் இரண்டை யு.எஸ்.பி. தரவுக்கு எடுத்துக்கொண்டால் படத்திற்கு எஞ்சுவன இரண்டே. டிஸ்ப்ளே போர்ட் 1.2 நெறியில் அவ்விரண்டு தடங்களும் ஒரு 4கே திரையை 30 ஹெர்ட்ஸில்தான் சுமக்கும், 1.4 நெறியில் ஒரு திரையை 60 ஹெர்ட்ஸில் சுமக்கும். இரண்டு 4கே திரைகளை 60இல் ஓட்ட நான்கு தடங்களும் வேண்டும். அல்லது படத்தைச் சுருக்கி அனுப்பும் டி.எஸ்.சி. என்னும் முறையைக் கணினி, பெட்டி இரண்டும் அறிந்திருத்தல் வேண்டும்.

முன்னர்க் கூறிய அம்மையார்க்கு இறுதியில் வழி காட்டியது டிஸ்ப்ளே லிங்க் வகையைச் சேர்ந்த ஓர் இணைப்பி. இது கிராபிக்ஸ் பாதையைக் கேளாது. செயலியைக்கொண்டே படத்தைச் சுருக்கிச் சாதாரண யு.எஸ்.பி. வழியாக அனுப்பிவிடும். இதற்குரிய மென்பொருளை நிறுவிக்கொள்ளவேண்டும். செயலிக்குச் சுமை சிறிது கூடும். மேக் கணினியில் காப்புரிமைப் பூட்டுள்ள திரைப்படங்கள் இதன்வழி ஓடமாட்டா. கணக்கு வேலைக்கு இவை தடையல்ல. எம்1, எம்2 ஏர் வைத்திருப்போர்க்கும் இதுவே புகலிடம். விளையாட்டுக்கும் படத் தொகுப்புக்கும் இதனை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

கிராபிக்ஸைப் பற்றிப் பேசுவோர் ராம் நினைவகத்தை மறந்துவிடுகின்றனர். உடன்பிறந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது; கணினியின் ராமையே பகிர்ந்துகொள்ளும். நம் நாட்டில் விற்கும் கணினிகள் பல 8 ஜி.பி. ராம் ஒரே அட்டையாகப் பொருத்தப்பட்டு வருகின்றன. அதே அளவில் மற்றோர் அட்டையைச் சேர்த்தால் பாதை இரண்டாகும். கிராபிக்ஸின் ஆற்றல் உயரும். இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ என்னும் பெயரே இரட்டை அட்டை இருந்தால்தான் தோன்றும். ஒற்றை அட்டையில் அதே சில்லு யு.எச்.டி. என்னும் தாழ்ந்த பெயரோடு நிற்கும். புதிய கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்கும் விலையில் சிறு பகுதியே இந்த அட்டைக்கு ஆகும். ஆயின், இரண்டாம் அட்டைக்கு இடமுண்டா என்று முன்னரே கேட்டறிக.

அவ்வாறாயின் தனிக் கார்டு எவர்க்கு வேண்டும்? முப்பரிமாணக் கட்டட உருவங்களைச் சுழற்றிப் பார்ப்போர், 4கே காணொளிகளைத் தொகுப்போர், கணினி விளையாட்டில் ஈடுபடுவோர், செயற்கை நுண்ணறிவு நிரல்களைத் தம் கணினியிலேயே ஓட்டிப் பயிலும் மாணவர் ஆகியோர்க்கு வேண்டும். கட்டடக்கலை பயிலும் மகள் அதைக் கேட்டால் ஆடம்பரம் என்று பெற்றோர் தள்ளிவிடலாகாது. அவள் பாடத்திற்கு அது கருவி. கணக்கு, கடிதம், மென்பொருள், மொழிபெயர்ப்பு ஆகிய பணிகளுக்கு அத்தொகையை நல்ல நாற்காலியிற் செலவிடலாம் என்பது நம் கருத்து.

இடையே தமிழைப் பற்றியும் ஒரு சொல். 24 அங்குல முழு எச்.டி. திரையில் அங்குலத்திற்கு ஏறத்தாழ 92 புள்ளிகள்; 27 அங்குல 4கே திரையில் 163. ஆங்கில எழுத்துக்கு முன்னது போதியதாகத் தோன்றலாம். நம் எழுத்திலோ றன்னகரத்திற்கும் டண்ணகரத்திற்கும் வேறுபாடு ஒரு சுழியே; மெய்யெழுத்தின் புள்ளியோ கடுகினும் சிறிது. தமிழில் மெய்ப்புத் திருத்துவோர், அடர்த்தி மிகுந்த திரையில் எழுத்தளவைச் சற்றே பெருக்கி வைத்துக்கொண்டால், கண் இடுக்கிப் பார்க்கும் துன்பம் நீங்கும்.

நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த கணினிகளைச் செப்பனிட்டு விற்கும் கடைகள் எல்லாப் பெருநகரங்களிலும் உள. சிக்கனமாக வாழும் குடும்பத்திற்கு அவை நல்ல வாய்ப்பே. பத்தாம் தலைமுறை வரையுள்ள இன்டெல் கணினிகள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. போர்ட் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில்தான் தரும் என்பதை மட்டும் மனத்திற் கொள்க. டைப் சி வழியே படம் தரும் மாதிரியைத் தேடி எடுத்தால் இக்குறை தாக்காது.

கடைக்குப் போகும்போது கேபிளைக் கையோடு எடுத்துச் செல்க. கைப்பேசியோடு வரும் டைப் சி கேபிள்களிற் பல, மின்னூட்டத்திற்கும் மெதுவான தரவுக்குமே உரியவை. அவற்றில் படம் வராது. அங்குள்ள 4கே திரையொன்றில் இணைத்துக் காட்டச் சொல்லி, விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே பகுதியில் உள்ள மேம்பட்ட பக்கத்தைத் திறந்து, 3840க்கு 2160 என்றும் 60 ஹெர்ட்ஸ் என்றும் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கலாம். இரண்டாம் திரையையும் அவ்விடத்திலேயே இணைத்துக் காட்டச் சொல்லவேண்டும். கடைக்காரர் சற்று முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.