புகை இல்லாமலும் ஆயில் குறையும்

“வண்டியில புகையே காணோம். ஊத்துன ஆயில் எங்கப்பா போச்சு?”

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் லாரி முதலாளிகள் கேட்கும் இந்தக் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: வழியில் கேனை விற்றுவிட்டாயா? வடக்கே போய்த் திரும்பும் நீண்ட நடையில் நிறுத்தி நிறுத்தி ஆயில் ஊற்றி வண்டியைக் காப்பாற்றிக் கொண்டுவந்த டிரைவருக்கு, ஊர் வந்ததும் கிடைப்பது சந்தேகப் பார்வை. சிலருக்குப் படிக்காசில் பிடித்தமும் உண்டு.

ஆயில் குறைந்ததும் சந்தேகம் விழும் பிஸ்டன் ரிங்கும் லைனரும் மெதுவாகத் தேய்பவை. போன மாதம் வரை ஒழுங்காக ஓடிய வண்டி இந்த மாதம் ஆயில் குடித்தால், பெரும்பாலும் எங்கோ ஒன்று உடைந்திருக்கும், கிழிந்திருக்கும் அல்லது அடைத்திருக்கும். அதைத் தேடாமல் இன்ஜினை இறக்குவது வீண் செலவு.

முதலில் ஏர் டேங்க் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து பாருங்கள். தண்ணீரோடு கருத்த ஆயில் கொட்டினால் குற்றவாளி ஏர் கம்ப்ரஸர். பல லாரிகளில் அதற்கும் இன்ஜின் ஆயில்தான் போகிறது. அதன் ரிங் போனால் ஆயில் காற்றோடு பிரேக் குழாய்களுக்குள் ஏறிவிடும். சைலன்ஸரில் புகை தெரியாது. பிரேக் வால்வுகளின் ரப்பர் மட்டும் உப்பிக் கெடும்.

அடுத்து டர்போ. இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று தெரியும். தேங்கியிருந்தாலும் உடனே டர்போவை மாற்றிவிடாதீர்கள். அதிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் அடைத்தாலோ, ஏர் ஃபில்டர் தூசியால் அடைத்தாலோ, நல்ல டர்போவும் ஆயில் கக்கும். ஆயில் கூலர் ஓட்டையாகி ரேடியேட்டருக்குள் ஆயில் கலப்பதும் உண்டு. ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் குழம்பு போல மிதக்கும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென மூச்சு அடித்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். அப்போதும் ஏர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதன் வழியே உள்ளே போகும் புழுதி புது ரிங்கையும் சீக்கிரமே அரைத்துவிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டிரைவர் பாடு இன்னும் மோசம். சைலன்ஸரில் இருக்கும் வினையூக்கியும் ஃபில்டரும் நீலப் புகையைப் பெருமளவு மறைத்துவிடுகின்றன. எரிந்த ஆயிலின் சாம்பல் அந்த ஃபில்டரிலேயே தங்கி அடைக்கிறது. கண்ணுக்குச் சாட்சி இல்லாததால் டிரைவர் சொல் எடுபடுவதில்லை.

ஆயில் திருட்டே நடப்பதில்லையா என்று முதலாளிகள் கேட்கலாம். நடக்கிறதுதான். அதற்கும் கணக்குத்தான் வழி. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக் அளவையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுதுங்கள். டிரைவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த மேட்டில் இழுவை குறைந்தது, எங்கே விசில் சத்தம் கேட்டது என்று அவருக்குத்தான் தெரியும்.

முதலாளிமார்களே, டிரைவர் படியில் கை வைக்கும் முன் அந்த ஏர் டேங்க் வால்வை ஒருமுறை திறந்து பாருங்கள்.