கூப்பிட்டால் வருமா குதிரை?

கூப்பிட்டால் நாய் ஓடி வரும். மாடு ஒரு குரல் கொடுத்துவிட்டு மெல்ல நடந்து வரும். குதிரை? கயிற்றைப் போட்டு இழுத்தால்தான் வரும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அது தவறு என்பதைப் பல்கலைக்கழக விடுமுறையின்போது, சுங்கை சிப்புட் அருகே ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் கற்றுக்கொண்டேன். இன்று அது செம்பனைக் காடு. அங்குக் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லயமும் லாயமும்

என் தாத்தா அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இளவயதில் பால்மரம் சீவப் பிடிக்காமல் ஈப்போவுக்குப் போய், பந்தயக் குதிரை லாயத்தில் சைஸாக, அதாவது குதிரைக்காரராக, வேலைக்குச் சேர்ந்தார். "லயத்துக்கும் லாயத்துக்கும் ஒரு கால்தான் வித்தியாசம்" என்று சொல்லிச் சிரிப்பார். பேராக் குதிரைப் பந்தயக் கழகம் 1886இல் தோன்றியது. நம் நாட்டு லாயங்களில் குதிரைகளைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, விடியற்காலையில் நடத்திக் கூட்டிச் சென்றவர்களில் தமிழர்கள் பலர். பழைய பந்தயப் படங்களில் குதிரைக்குப் பெயர் இருக்கும், ஜாக்கிக்கும் பெயர் இருக்கும். கயிற்றைப் பிடித்து நிற்பவருக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது.

பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கிவிடும். பெரும்பாலும் பத்து வயதுக்கு முன்பே அதன் ஓட்டம் முடிந்துவிடும். ஆனால் அது 25 முதல் 30 ஆண்டுகள் வரை உயிர்வாழக் கூடியது. எஞ்சிய காலத்தில் அது எங்கே போகும்? 1842இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்ப் பந்தயக் கழகம் 2024 அக்டோபர் 5ஆம் நாள் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியபோது, இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. எங்கள் மாமாவும் அப்படி ஓய்வுபெற்ற ஒரு குதிரையைத்தான் வாங்கி வந்தார். எட்டு வயதுப் பெண் குதிரை. ராணி என்று பெயர் வைத்தோம்.

வந்த மூன்றாம் நாளே ஒரு விபரீதம். நான் வேலிக் கதவின் கொக்கியைச் சரியாக மாட்டவில்லை. ராணி செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் ஓடும் செம்மண் சாலைக்குப் போய்விட்டாள். "ராணி! ராணி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் காதுகள் என் பக்கம் திரும்பின, கால்கள் திரும்பவில்லை. பிடித்துக் கொண்டுவர முக்கால் மணி நேரமாயிற்று. முன்னங்காலில் கம்பி கிழித்த காயம். லோரி ஒன்று வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஏன் வரவில்லை?

காலையில் தாத்தா விளக்கினார். லாயத்தில் குதிரை தனி அறையில் நிற்கும். தீனியும் தண்ணீரும் அதைத் தேடி வரும். வெளியே போனால் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கூப்பிட்டு அது வரவேண்டிய தேவையே இல்லை. ஆகவே ராணிக்கு அடங்காத குணம் என்று சொல்ல முடியாது. அவளுக்கு அந்தப் பாடமே நடத்தப்படவில்லை.

பிறகு தாத்தா சொன்னதுதான் என் மனத்தில் தைத்தது. "தம்பி, தோட்டத்துல விடியக்காலையில பெரட்டுல பேரு கூப்புடுவாங்க. போகலன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. பயந்துகிட்டு ஓடுவோம். குதிரைகிட்ட அது நடக்காது. அது நம்மகிட்ட வந்தா, நாமதான் அதுக்குச் சம்பளம் கொடுக்கணும்."

அறிவியலும் இதைத்தான் சொல்கிறது. குதிரை இரையாகும் விலங்கு. பயந்தால் ஓடுவதே அதன் தற்காப்பு. பயமுறுத்திக் கூப்பிட்டால் அது தொலைவுக்குத்தான் போகும். பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், உணவைப் பரிசாகக் கொடுத்துப் பயிற்றப்பட்ட இளம் குதிரைகள் மனிதரை அதிகம் நாடி வந்தன. பல மாதங்கள் கழித்தும் கற்றதை மறக்கவில்லை.

பாடம் நடத்திய முறை

1. ஒரே ஒலி. 'ராணி' என்ற பெயரைக் கொஞ்சும்போதும் சொல்கிறோம், திட்டும்போதும் சொல்கிறோம். ஆகவே அது அழைப்புக்கு உதவாது. தாத்தா, பாட்டி ரப்பர்ப் பால் சுமந்த பழைய வாளியை எடுத்தார். குச்சியால் இரண்டு தட்டு, பிறகு "வாம்மா". வேறு எதற்கும் இந்த ஒலியைப் பயன்படுத்தக் கூடாது.

2. முதலில் ஒலி, உடனே பரிசு. முதல் மூன்று நாள் ராணியை நடக்கச் சொல்லவே இல்லை. அருகில் நின்று வாளியைத் தட்டுவேன். மறுநொடி ஒரு துண்டு காரட். மணியோசைக்குப் பிறகு உணவு வரும் என்று நாய்கள் அறிந்துகொண்டதை ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் காட்டினாரே, அதே தத்துவம்தான். காரட்டை நீளவாக்கில் நறுக்க வேண்டும். வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கலாம். உள்ளங்கையை விரித்துத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலும் சேர்ந்து போய்விடும்!

3. தூரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுதல். இரண்டு அடி, பத்து அடி, பிறகு திடலின் மறுகோடி. குதிரையின் செவி நம்முடையதைவிட அதிக அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும். நமக்கு எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ், அதற்கு 33,000. ஆனால் ஒலி வரும் திசையை நம்மைப் போல் அது துல்லியமாகக் கணிக்காது. ஆகவே அதன் கண்ணில் படும்படி நின்று அழைக்க வேண்டும்.

4. உடல்மொழி. பெர்லினில் 'ஹான்ஸ்' என்ற குதிரை கணக்குப் போடுவதாக ஊரே வியந்தது. அது கணக்குப் போடவில்லை, கேள்வி கேட்பவரின் உடலில் தோன்றும் மிகச் சிறிய அசைவுகளைப் படித்தது என்பதை ஆஸ்கர் ஃப்புங்ஸ்ட் 1907இல் கண்டறிந்தார். நாம் நேராக முறைத்து நின்றுகொண்டு "வா" என்றால், குதிரை நம் உடல் சொல்வதைத்தான் கேட்கும். தோளைத் தளர்த்தி, சற்றே பக்கவாட்டில் திரும்பி நிற்பது நல்லது.

நான் செய்த தவறு

இரண்டு வாரத்தில் ராணி திடலின் எந்த மூலையிலிருந்தும் வரத் தொடங்கினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. காயத்துக்கு ஊசி போட மருத்துவர் வந்த அன்று பெருமையாக வாளியைத் தட்டினேன். வந்தாள். ஊசி ஏறியது. மறுநாள் வாளியைத் தட்டியபோது தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தாள், நகரவில்லை.

"நம்பி வந்தவள ஏமாத்திட்டியே" என்றார் தாத்தா. ஊசி, லாடம் போன்ற பிடிக்காத வேலை என்றால், வாளியைத் தட்டாமல் நாமே நடந்து போய்க் கயிறு மாட்ட வேண்டும். மீண்டும் இரண்டு அடியிலிருந்து தொடங்கினேன். இழந்ததைப் பெற மேலும் இரண்டு வாரம் பிடித்தது. அதன்பின் ஒவ்வொரு முறையும் காரட் கொடுப்பதில்லை. சில நாள் கழுத்தைச் சொறிந்து விடுவேன், சில நாள் ஒரு கைப்பிடி புல். ஆனால் வெறுங்கையோடு, வெறும் மனத்தோடு அழைப்பதில்லை.

அந்த மாலை

விடுமுறை முடியும் வாரத்தில் ஒரு மாலை பெரும் இடி மழை. வேலியோரத்தில் மிச்சமிருந்த கிழட்டு ரப்பர் மரம் ஒன்று கம்பியின்மேல் சாய்ந்துவிட்டது. மழை சற்று விட்டதும் டார்ச் விளக்கோடு ஓடினோம். திடலில் ராணி இல்லை. சாலையில் லோரியின் சத்தம் மட்டும் கேட்டது. தாத்தா வாளியை என் கையில் கொடுத்தார். இரண்டு தட்டு. "வாம்மா!" மறுமொழி இல்லை. மீண்டும் இரண்டு தட்டு.

செம்பனை மரங்களுக்கிடையே சேற்றில் குளம்புச் சத்தம். நனைந்த உடம்போடு வந்து என் தோளில் மூச்சு விட்டாள். அவசரத்தில் காரட் எடுத்து வரவில்லை. தாத்தா தன் சட்டைப் பையைத் துழாவி ஒரு ரொட்டித் துண்டை எடுத்து நீட்டினார்.

நண்பர்களே, அழைப்பு என்பது கட்டளை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அழைப்பவர் கொடுக்கும் வாக்கு. 'வந்தால் உனக்கு நல்லது நடக்கும்' என்ற வாக்கைப் பலமுறை காப்பாற்றியவர் கூப்பிட்டால், இருட்டிலும் வருவார்கள். குதிரைக்கு மட்டுமா இது பொருந்தும்? தம்பி தங்கையைக் கூப்பிடும்போதும், கழக நிகழ்ச்சிக்குப் புதிய மாணவர்களைக் கூப்பிடும்போதும் எண்ணிப் பாருங்கள்: போன முறை வந்தவர்களுக்கு நாம் என்ன கொடுத்து அனுப்பினோம்?