கட்டியங்காரனும் பூச்சிமருந்துப் பெட்டியும்

உடல்நலம் பற்றிய ஆய்வில் கதையையும் விளையாட்டையும் கருவிகளாகக் கையாளும் முறை ஒன்று உண்டு. குடி, மனச்சோர்வு, கணவனின் அடி, தற்கொலை எண்ணம் போன்றவற்றை நேரடியாகக் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. “உங்கள் வீட்டில் எப்படி?” என்றால் “ஒன்றுமில்லை” என்றே பதில் வரும். “பக்கத்து ஊரில் செல்வி என்று ஒருத்தி இருந்தாள்” என்று தொடங்கினால் நிலைமை மாறுகிறது. செல்விக்கு என்ன நேர்ந்திருக்கும், யார் அவளைத் தடுத்திருப்பார்கள், அவள் எங்கே போயிருக்கலாம் என்று கூட்டமே சொல்ல ஆரம்பிக்கும். பேர் செல்வியுடையது, பட்டது சொல்பவருடையது. இப்படித் தெரியவந்ததை வைத்துக்கொண்டு, ஒரு சேவை யாருக்காகவோ அவர்களையே உட்காரவைத்து அதை வடிவமைப்பது அடுத்த கட்டம். புதிய இயந்திரங்களை வடிவமைக்கும்போது தொழிலாளியின் சொல்லும் எடுபட வேண்டும் என்று 1970களில் ஸ்காண்டிநேவியத் தொழிற்சங்கங்கள் வாதாடியதிலிருந்து வளர்ந்த முறை இது. மருத்துவமனைகளுக்கு வந்து சேர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இதன் இழைகள் தனித்தனியாகக் கிடக்கின்றன.

முதல் இழை பழையது. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னாற்காடு, தெருக்கூத்தின் தாய்மண். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். அதில் வரும் கட்டியங்காரனுக்கு மட்டும் ஒரு சலுகை: துரியோதனன் சபையில் நின்றுகொண்டே ரேஷன் கடை வரிசையைக் கிண்டலடிக்கலாம். கதைக்குள்ளும் ஊருக்குள்ளும் ஒரே நேரத்தில் கால்வைத்து நிற்பவன் அவன். சுகாதாரச் செய்தி சொல்ல வந்தவர்களின் கண்ணில் இந்த வசதி படாமல் இருக்குமா? 1954இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பாடல் நாடகப் பிரிவு, குடும்பநலப் பிரச்சாரத்துக்கு நாட்டுப்புறக் கலைகளைப் பயன்படுத்தியது. 1990களில் எழுத்தறிவு பரப்ப வந்த அறிவொளி இயக்கம் வீதி நாடகத்தைக் கையிலெடுத்தது; எய்ட்ஸ் விழிப்புணர்வுக் குழுக்களும் அதே வழியில் வந்தன. ஆனால் இந்த நாடகங்களில் பெரும்பாலானவற்றுக்கு முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. கடைசியில் டாக்டர் வேடக்காரர் வந்து செய்ய வேண்டியதைச் சொல்வார், சனம் கைதட்டிக் கலையும். கட்டியங்காரனின் வாய்த்துடுக்கை எடுத்துக்கொண்டவர்கள் கேள்வி கேட்கும் அவனது உரிமையை மேடைக்கு வெளியே விட்டுவிட்டார்கள்.

பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போல் இந்த இடத்தில்தான் மாறுபட்டார். 1970களில் பெரு நாட்டில் அவர் நடத்திய நாடகங்களில், சிக்கல் முற்றும் கட்டத்தில் நடிப்பு நிற்கும். அடுத்து என்ன செய்யலாம் என்று பார்வையாளர்களிடம் கேட்பார்கள். ஏமாற்றிய கணவனிடம் மனைவி என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பெண் யோசனை கூறினார். நடிகை செய்துகாட்டியது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவரே மேடையேறி, கணவனாக நடித்தவரைத் துடைப்பத்தால் விளாசிவிட்டார் என்று போல் எழுதியிருக்கிறார். பார்வையாளரே மேடையேறித் தீர்வை நடித்துப் பார்க்கும் நாடக வடிவம் அப்படிப் பிறந்தது.

இரண்டாவது இழை விளையாட்டு; அதன் இடம் வேறு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டம் அறுநூறு பேருக்கு மேல் இழந்தது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிதம்பரத்துக்குக் கிழக்கே எம்.ஜி.ஆர். திட்டு போன்ற மீனவக் குடியிருப்புகள் நொறுங்கின. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழகக் கரையோரத்தில் ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. ஓவியம், களிமண், கதை, குழு விளையாட்டு ஆகியவை குழந்தைகளைப் பேசவைக்கும் வழிகளாக அதில் இடம்பெற்றன. 1976இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லாவில் பேருந்தோடு கடத்தப்பட்ட 26 குழந்தைகளில் பெரும்பாலோரை ஆராய்ந்த லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் ஒரு வேறுபாட்டைக் குறித்துவைத்தார். சாதாரண விளையாட்டு மாறிக்கொண்டே போகும், முடிவில் சிரிப்பு இருக்கும். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய விளையாட்டு ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப நடத்தும். அதில் மகிழ்ச்சி இராது. குழந்தை என்ன விளையாடுகிறது என்று பொறுமையாகப் பார்ப்பவருக்கே எந்தக் குழந்தைக்கு உதவி வேண்டும் என்பது தெரியும். பொம்மைகளை இறக்கிவிட்டு அன்றே வண்டியேறுபவருக்கு அது தெரிய வழியில்லை.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் அதே கரை காட்டியது. அவசரமாக எழுப்பிய தற்காலிகக் குடியிருப்புகளில் பல தார் அட்டைக் கொட்டகைகள். பகலில் உள்ளே உட்கார முடியாத வெக்கை. கீற்றுக் கொட்டகையில் பிறந்து வளர்ந்த எந்த மீனவப் பெண்ணும் இதை ஒரே பார்வையில் சொல்லியிருப்பார்.

மூன்றாவது இழை காட்டுமன்னார்கோவில் பகுதியில் கிடைக்கிறது. பூ சாகுபடி நடக்கும் ஊர்களில் மொட்டுப்புழுவுக்கு அடிக்கடி மருந்தடிக்க வேண்டும். அதனால் பூச்சிமருந்து எப்போதும் வீட்டில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தற்கொலை எண்ணம் பலருக்கு ஓர் ஆவேசத்தில் எழுந்து சீக்கிரமே தணிவது. அந்த நேரத்தில் நஞ்சு அருகில் இல்லாவிட்டால் உயிர் தப்ப வாய்ப்புண்டு. (இப்படிப்பட்ட எண்ணம் வருபவர்களும் அவர்களுக்காகக் கவலைப்படுபவர்களும் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைக்கலாம்.) சென்னையில் 1986இல் சிநேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு யோசனையைச் சோதித்தார்கள்: மருந்தை வீட்டிலிருந்து எடுத்து ஊர்ப் பொதுவில் வைத்தால் என்ன? தற்செயல் முறையில் இரண்டு ஊர்களைத் தேர்ந்து, ஊராரின் பங்கேற்போடு இரண்டு பொதுச் சேமிப்பறைகள் கட்டப்பட்டன. உள்ளே பூட்டக்கூடிய தனித்தனிப் பெட்டிகள். வேறு இரண்டு ஊர்கள் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டன. சேமிப்பறை இருந்த ஊர்களில் 1,097 வீடுகளும் மற்ற ஊர்களில் 782 வீடுகளும் கணக்கெடுப்பில் சேர்ந்தன. ஒன்றரை ஆண்டு கழித்து மீண்டும் கணக்கெடுத்தார்கள்.

குழுவாக அமர்ந்து பேசியபோது பெரும்பாலோர் அறையை ஏற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. உயிரிழப்பைத் தடுத்தது என்று சொன்னதோடு, மருந்து வீணாவது குறைந்தது என்றும் சொன்னார்கள். ஆய்வாளருக்கு உயிர் முதல் கணக்கு. விவசாயிக்கு மருந்துக்குக் கொடுத்த காசும் ஒரு கணக்கு. இரண்டும் ஒரே பெட்டியில் பொருந்தியதால்தான் அது பயன்பட்டிருக்க வேண்டும். பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலைகளையும் முயற்சிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, இரு தரப்பு ஊர்களின் மாற்றத்துக்கு இடையே லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 295 என்ற வேறுபாடு தெரிந்தது. 2013இல் வெளியான அந்தக் கட்டுரையே எச்சரிக்கையும் செய்தது: தொடக்கத்திலேயே இரு தரப்பும் சமநிலையில் இல்லை, ஆய்வு சிறியது.

கதையும் கூடிப் பேசுதலும் ஒன்றாகச் சேர்ந்த வலுவான சான்றுக்கு ஜார்க்கண்ட், ஒடிசாவுக்குப் போக வேண்டும். ஏக்ஜுட் அமைப்பு அங்கே கிராமப் பெண்களை மாதந்தோறும் கூட்டியது. படச்சீட்டு விளையாட்டு, கதை, நடித்துக்காட்டல் வழியாகப் பச்சிளங்குழந்தை ஏன் இறந்தது என்று அவர்களே காரணம் தேடி, செய்ய வேண்டியதையும் அவர்களே முடிவுசெய்தார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தப் பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு மற்ற பகுதிகளைவிட 32 விழுக்காடு குறைவு என்று 2010இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது.

எல்லா இடத்திலும் இப்படிப் பலிப்பதில்லை. இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வில், பூட்டுள்ள பெட்டிகளை வீடுவீடாகக் கொடுத்தார்கள். 2017இல் முடிவு வந்தது: பெட்டி பெற்ற ஊர்களுக்கும் பெறாத ஊர்களுக்கும் வேறுபாடு இல்லை. சாவியும் அதே வீட்டில்தானே இருக்கிறது. ஊர்ப் பொது அறை அந்தச் சாவியைத் தள்ளிவைக்கிறது. ஆனால் அந்த அறைக்குப் பொறுப்பாளர் வேண்டும், ஆய்வுப் பணம் தீர்ந்த பிறகும் அவருக்குச் சம்பளம் வேண்டும். அறை ஊரில் அமைவதா காலனிப் பக்கம் அமைவதா என்பதும் சின்னக் கேள்வி அல்ல; கூட்டத்தில் யார் உரக்கப் பேச முடிகிறதோ அவர் வீட்டுக்குப் பக்கத்தில் அது அமைந்துவிடக்கூடும். கொடிய பூச்சிமருந்துகளைக் கடையிலிருந்தே அகற்றுவது எந்த ஊர்க்கூட்டத்தின் கையிலும் இல்லை. இலங்கை அரசு அதைப் படிப்படியாகச் செய்தது. 1995 முதல் 2015 வரை அந்தத் தடைகள் ஏறத்தாழ 93,000 உயிர்களைக் காத்தன என்ற மதிப்பீட்டை உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டுகிறது.