உங்களுக்குத் தெரியுமா? பழைய கணினி பூட் ஆகாததற்கு ஒரு சின்ன பேட்டரியும் காரணமாகலாம்

பரணிலிருந்து இறக்கிய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் நிறுவ வேண்டும். ஆனால் செருகிய பென் டிரைவை அது கண்டுகொள்வதே இல்லை. கணினியையே குறைசொல்லி எடைக்குப் போட்டுவிடாதீர்கள், பாவம்! முதலில் மின்சார வயரைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியைப் பாருங்கள். பெரும்பாலும் அது சிஆர்2032 ஆக இருக்கும்: 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓடவைப்பதும், பழைய போர்டுகளில் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அமைப்புகளைக் காப்பதும் இதுதான். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியிலேயே இப்படிப் பேட்டரி துணையோடு இயங்கும் நினைவகம் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போகும். எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என நீங்கள் அமைத்த வரிசையும் அழிந்துவிடும்.

பேட்டரியை மாற்றி, வரிசையை மறுபடி அமைத்தும் பயனில்லையா? பென் டிரைவைத் தயாரித்த விதத்தைச் சந்தேகியுங்கள். பழைய பயாஸ் முதலில் படிப்பது டிரைவின் தொடக்கத்திலுள்ள 512 பைட்டுகளைத்தான். அவற்றின் கடைசி இரண்டும் ஹெக்ஸாடெசிமல் முறையில் 55, ஏஏ என்று இல்லாவிட்டால், பல பயாஸ்கள் அந்த டிரைவை ஒதுக்கிவிடும். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐக்கு மட்டும் எழுதிய டிரைவ் இங்கே உதவாது. பென் டிரைவைத் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளில் பார்ட்டிஷன் முறையாக எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி எழுதுங்கள். 32 பிட் பிராசசர் என்றால், லினக்ஸின் 64 பிட் பதிப்பு அதில் ஓடவே ஓடாது.