எண்களில் ஒரு கைரேகை

பத்திரப் பதிவு அலுவலகத்தில் நம் பாட்டிமார் பெருவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஒருவர் ரேகையைப் போல் மற்றொருவர் ரேகை இராது. கணினியிலுள்ள கடிதத்திற்கும் புகைப்படத்திற்கும் இவ்வாறு ரேகை எடுக்க இயலுமா? இயலும். அதற்கான கணித முறைக்கு 'ஹாஷ்' என்று பெயர்.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். ரசீதிலுள்ள 472 என்னும் தொகையின் இலக்கங்களைக் கூட்டினால் 13 வருகிறது. இதையே ரேகையாகக் கொள்ளலாமா? கூடாது. யாரேனும் அதை 742 எனத் திருத்தினாலும் கூட்டுத்தொகை 13தானே! மோசடி வெளிப்படாது.

ஆகவே நல்ல ஹாஷ் முறைக்கு மூன்று குணங்கள் வேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் விடை முற்றிலும் மாற வேண்டும். விடையைக் கொண்டு மூலத்தைக் கண்டுபிடிக்க முடியக் கூடாது. ஒரே விடை தரும் இரு வேறு மூலங்களை எவராலும் தேடி எடுக்க இயலக் கூடாது.

இதனால் நமக்கு என்ன பயன்? மாணவி ஒருத்தியின் கைப்பேசிக்கு மிரட்டல் படம் ஒன்று வருகிறது என வைத்துக்கொள்வோம். வழக்கு மன்றத்தில் எதிர்த்தரப்பினர், "இது பிறகு திருத்தப்பட்டது" என்று வாதிட்டால் என் செய்வது? 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் இதற்கு வழி செய்துள்ளது. மின்னணுச் சான்றுடன் தரும் சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். பின்னர் மீண்டும் கணக்கிட்டு அதே மதிப்பு வந்தால், அன்று முதல் அது மாறவில்லை என்பது தெளிவு.

அச்சான்றிதழ்ப் படிவத்தில் எம்.டி. 5, எஸ்.எச்.ஏ. 1, எஸ்.எச்.ஏ. 256 என்னும் மூன்று முறைகளின் பெயர்களும், 'மற்றவை' என்ற இடமும் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது?

எம்.டி. 5 முறையை 1991இல் ரொனால்டு ரிவெஸ்ட் வகுத்தார். ஒரே எம்.டி. 5 விடை தரும் இரு வேறு மூலங்களை உருவாக்க முடியும் என 2004இல் நிரூபித்தவர்கள், சீன நாட்டுப் பெண் கணித அறிஞர் வாங் சியாவோயுனும் அவருடைய குழுவினரும் ஆவர். 1995இல் வந்த எஸ்.எச்.ஏ. 1 முறையும் 2017இல் வீழ்ந்தது. கூகுள் நிறுவனத்தாரும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் ஒரே ரேகையுள்ள இரு வேறு ஆவணங்களைச் செய்து காட்டினர். முன்பே இருக்கும் ஒரு கோப்புக்கு இணையாகப் போலி செய்வது இன்றும் அரிது. ஆயினும் வஞ்சகர் இரண்டையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளக் கூடுமன்றோ! ஆகவே இன்றுவரை இவ்வாறு முறியடிக்கப்படாத எஸ்.எச்.ஏ. 256 முறையைத் தேர்வதே அறிவுடைமை. கோப்பு எவ்வளவு பெரிதாயினும் அது 64 குறிகளில் விடை தரும்.

கடவுச்சொற்களைக் காப்பதற்கு மட்டும் வேறு விதி. எஸ்.எச்.ஏ. 256 மிக விரைவானது. திருடனும் அதே வேகத்தில் கோடிக்கணக்கான சொற்களை முயன்று பார்ப்பான். அங்கே ஆர்கான் 2 போன்ற மெதுவான முறையே ஏற்றது. ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் வெவ்வேறு எழுத்துகளைக் கலந்துவிடுவார்கள். சமையலில் போல இதற்கும் 'உப்பு' என்றே பெயர்!

ஓர் எச்சரிக்கை. சான்றாக வேண்டிய படத்தைத் திருத்தாமல், வெட்டாமல், வந்தபடியே வைத்திருங்கள். சில செயலிகள் அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடும். அப்போது ரேகையும் மாறிவிடும். உடனே பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ காட்டத் தயங்காதீர்கள்.

எழுதியது மாறவில்லை என்று ஹாஷ் சொல்லும். எழுதியது உண்மைதானா என்று சொல்லாது. அதற்குப் பொறுப்பு இறைவன் நமக்களித்த மனச்சான்றே.