பெரம்பூர் மில் கேட்டிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை

வடசென்னைப் பெரம்பூரில் பி அண்ட் சி மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. பின்னி கம்பெனிக்குச் சொந்தமான பக்கிங்காம், கர்நாடிக் என்ற இரண்டு நெசவாலைகளைத்தான் பி அண்ட் சி என்பார்கள். காக்கித் துணிக்குப் பெயர் பெற்றவை. 1996இல் மூடப்பட்டன. மில்லே போய்விட்டது, இனி சங்கம் மட்டும் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குளிரூட்டிய அறையில் கணினி முன் வேலை பார்ப்பவனுக்குக் கொடியும் கோஷமும் தேவையா என்பது அவர்கள் கேள்வி. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்த அந்த மில் வாசலையும் இன்றைய வேலையிடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

அரை மணி நேரச் சோறு

1918இல் மில் தொழிலாளிக்கு நாள் என்பது ஆலைச் சங்கு ஊதுவதில் தொடங்கும். பன்னிரண்டு மணி நேர வேலையைச் சட்டமே அனுமதித்த காலம். சில நிமிடம் பிந்தினாலும் கேட் மூடிவிடும், கூலி போய்விடும். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதற்குள் எந்திரத்தை விட்டு வெளியே வந்து, கை கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, சோற்றை விழுங்கி, திரும்பவும் எந்திரத்தின் முன் நிற்க வேண்டும். மேலாளர்களின் வசவும் அடியும் தனி.

மில் தொழிலாளர்களின் புலம்பலைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் அந்தப் பகுதி வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். பஜனையும் சொற்பொழிவும் நடத்திய ஒரு சபை அவர்களுடையது. ஹோம்ரூல் இயக்கத்தில் இருந்த பி.பி. வாடியாவை அவர்கள் அணுகினார்கள். திரு.வி.க. வந்து பேசினார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். அது முதலில் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று, சாப்பாட்டு இடைவேளையைக் கொஞ்சம் நீட்டிக் கொடுங்கள் என்பது. புரட்சியை யாரும் கேட்கவில்லை. சோற்றை மென்று தின்ன நேரம் கேட்டார்கள்.

அதையும் ஒரு தொழிலாளி தனியாகப் போய்க் கேட்டிருக்க முடியாது. கேட்டால் மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது. ஆயிரம் பேர் ஒரே குரலில் கேட்டால் ஆயிரம் பேரையும் அனுப்பிவிட்டு மில்லை ஓட்ட முடியாது. தொழிற்சங்கத்தின் கணக்கு மொத்தமும் இவ்வளவுதான். அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் கணக்கு மாறவில்லை.

வழக்கும் சட்டமும்

1920இல் பின்னி நிர்வாகம் வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள் மீது நஷ்டஈடு கேட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நீதிமன்றம் தடையாணை தந்தது. சங்கத்தைப் பாதுகாக்க அப்போது சட்டம் எதுவும் இல்லை. கூடிப் பேசி வேலையை நிறுத்துவதே சதி என்று வாதிட இடம் இருந்தது. கடைசியில் வாடியா தொழிற்சங்கத்தை விட்டு விலக, வழக்கு கைவிடப்பட்டது.

அந்த அதிர்ச்சி டெல்லிவரை எட்டியது. 1921இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றானது. பதிவு பெற்ற சங்கத்தின் நியாயமான நடவடிக்கைகளுக்காக அதன் நிர்வாகிகள் மீது சதி வழக்கோ நஷ்டஈட்டு வழக்கோ போட முடியாது. பெரம்பூர்ச் சங்கத் தலைவர்கள் மீது போடப்பட்ட வழக்கு, நாட்டுக்கே ஒரு சட்டத்தைத் தந்தது.

அதன்பின் சுமார் நூறு ஆண்டு கழித்து, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம். ஃப்ரிட்ஜும் டிவியும் வாஷிங் மெஷினும் தயாரிக்கும் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊதிய உயர்வு, வேலை நேரம் என்று கோரிக்கைகள் இருந்தாலும் தலையாயது ஒன்றுதான்: எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள். நிர்வாகம் நீதிமன்றம் போனது. ஊர்வலம் போகக் கூடியவர்களைப் போலீஸ் பிடித்தது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் இருக்கக் கூடாது என்ற ஆட்சேபணையால் பதிவு இழுத்துக்கொண்டே போனது. 37 நாள் கழித்துத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சங்கப் பதிவு உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது.

1920இல் நீதிமன்றத் தடையாணை சங்கத்தின் கையைக் கட்டியது. 2024இல் நீதிமன்றம் சங்கத்தின் பதிவுக்கு வழிவிட்டது. இந்த மாற்றம் சாதாரணமானதல்ல, 1926ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றுத் தந்தது. ஆனால் சட்டம் வந்து ஒரு நூற்றாண்டு நெருங்கும் வேளையிலும் அதை ஒரு ஆலைக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் சம்பளமில்லாமல் உட்கார வேண்டியிருந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் போக ஆள் வேண்டும்.

கமிட்டி இருக்கே, சங்கம் எதற்கு?

‘நாங்களே நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம், வெளியாள் எதற்கு’ என்பது நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்வது. இதில் முழுப் பொய்யும் இல்லை. பின்னி கம்பெனியே தொழிலாளர்களுக்குப் பள்ளிக்கூடமும் குடியிருப்பும் கட்டிக்கொடுத்து, நலத்திட்டங்களுக்குப் பேர் வாங்கியதுதான். 1920களில் அங்கே தொழிலாளர் பிரதிநிதிகளை உட்காரவைத்து ஒரு கமிட்டியும் அமைத்தார்கள். சாம்சங் விஷயத்திலும் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே நிர்வாகம் ஒரு தொழிலாளர் கமிட்டியுடன் உடன்பாடு செய்துகொண்டது. மாதம் 5,000 ரூபாய் சிறப்புத் தொகை தருவதாக அறிவித்தது. போராடியவர்கள் அதை ஏற்கவில்லை.

ஐயாயிரம் ரூபாயை ஏன் வேண்டாம் என்றார்கள்? நிர்வாகம் மனமிரங்கிக் கொடுப்பதை நிர்வாகமே நாளைக்கு நிறுத்தலாம். உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்ட செட்டில்மென்டை அப்படி நிறுத்த முடியாது. கமிட்டியில் யார் இருக்கலாம், எதைப் பேசலாம் என்பதை நிர்வாகம் முடிவு செய்யும். சங்கத்தில் அதைத் தொழிலாளி முடிவு செய்வான்.

பிரித்து வைத்தல்

பழைய கதையில் பெருமைப்பட முடியாத பக்கமும் உண்டு. 1921இல் பி அண்ட் சி மில்லில் ஆறு மாதம் நீடித்த பெரிய வேலைநிறுத்தம் சாதியில் உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். மில்லுக்குப் பக்கத்திலிருந்த புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஊருக்குள் சமமாக நடத்தாதவனை ஆலை வாசலில் மட்டும் தோழன் என்று கூப்பிட்டால் அவன் எப்படி வருவான்?

இன்று பிரித்து வைக்கும் கோடு வேறு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒரே லைனில் ஒரே வேலையைச் செய்யும் மூவரில் ஒருவர் பெர்மனென்ட், ஒருவர் காண்ட்ராக்ட், ஒருவர் டிரெய்னி. சம்பளம் மூன்று விதம். சில ஆலைகளில் சட்டை நிறமே வேறு. காண்ட்ராக்ட் ஆளுக்கு முதலாளி யார் என்றால் கம்பெனி ஏஜென்சியைக் காட்டும், ஏஜென்சி கம்பெனியைக் காட்டும்.

சங்கம் இல்லாத இடத்தில் குறை எங்கே போகும் என்பதற்கு 2021 டிசம்பர் ஓர் உதாரணம். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. அதை மறுத்துச் சொன்னால் நம்பும்படி தொழிலாளர்களுக்குச் சொந்தமான ஒரு குரல் அங்கே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை பல நாள் மூடிக் கிடந்தது. விடுதிச் சோறு சரியில்லை என்பது ஒரு சங்க நிர்வாகி அரை மணி நேரத்தில் பேசித் தீர்த்திருக்கக்கூடிய விஷயம். நெடுஞ்சாலை வரை போனதில் நிர்வாகத்துக்கும் நஷ்டம்தான்.

இதற்கு நேர்மாறான உதாரணம் திண்டுக்கல்லில் உண்டு. தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நடந்த பாலியல் கொடுமைகளுக்கு எதிராக 2022இல் ஓர் ஒப்பந்தத்தைப் பெற்றது. ஆலை நிர்வாகம் மட்டுமில்லாமல், அங்கே துணி வாங்கும் எச் அண்ட் எம், கேப் போன்ற வெளிநாட்டு பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. புளியந்தோப்பில் உடைந்தது, நூறு ஆண்டு கழித்துத் திண்டுக்கல்லில் சரியான ஆட்களின் கையில் கூடிவந்திருக்கிறது.

நேரமும் நாற்காலியும்

வேலை நேரம் குறைந்தது தானாக நடந்ததல்ல. 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 48. ஒவ்வொரு படிக்கும் பின்னால் வேலைநிறுத்தங்கள் உண்டு. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோதும் எட்டு மணி நேரம் கனவாகத்தான் இருந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எல்லாக் கட்சிச் சங்கங்களும் எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. சங்கம் பழங்கதை என்றால் அந்தப் பத்து நாளில் நடந்தது என்ன?

ஜவுளிக்கடைக்குப் போனால் புடவைகளை எடுத்துப் போடும் பெண்ணின் காலைப் பாருங்கள். காலை முதல் இரவு வரை நின்ற கால் அது. கூட்டமில்லாத நேரத்திலும் அலமாரியில் சாய்ந்துகொள்வாளே தவிர உட்கார மாட்டாள். கோழிக்கோட்டில் விஜி என்பவர் திரட்டிய கடைப் பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் கடைகளில் இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தியது. இருந்தும் எத்தனை கடைகளில் நாற்காலி இருக்கிறது என்று பாருங்கள். கேட்கச் சங்கம் இல்லாத கடையில் சட்டமும் நின்றுகொண்டுதான் இருக்கும்.

முகமில்லாத முதலாளி

உணவு டெலிவரி செய்யும் இளைஞனுக்கு மேஸ்திரி கிடையாது, கேட் கிடையாது. போனில் ஒரு செயலி. இன்சென்டிவைக் குறைப்பதும் அதுவே, ஐடியை பிளாக் செய்வதும் அதுவே. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கம்பெனி அவனைப் ‘பார்ட்னர்’ என்கிறது. பங்கு லாபத்தில் இல்லை, பெட்ரோல் செலவில் உண்டு. தமிழக அரசு 2023இல் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது நல்ல காரியம். ஆனால் ஒரு ஆர்டருக்கு எவ்வளவு என்பதை நலவாரியம் பேசித் தராது. சங்கம்தான் பேச வேண்டும்.

ஐடி ஊழியர்கள் தங்களைத் தொழிலாளி என்று நினைப்பதில்லை. 2025இல் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது பலருக்கு உறைத்தது. ஹெச்ஆர் அறையில் ராஜினாமா கடிதத்தை நீட்டும்போது அந்தப் பக்கம் கம்பெனி முழுவதும் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரே ஒருவர்.

சங்கங்கள் மீதும் குறை உண்டு. கட்சிக்கொரு கொடி, பெண்களுக்கு மேடையில் இடமில்லை, காண்ட்ராக்ட் தொழிலாளியின் பிரச்சினையைப் பெர்மனென்ட் ஆட்களின் சங்கம் கண்டுகொள்வதில்லை. இவற்றைச் சரிசெய்யாவிட்டால் 1921 திரும்பவும் நடக்கும்.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைத் தொழிலுறவுத் தொகுப்பு பிடித்திருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 சதவீத ஆதரவு பெற்ற சங்கத்துக்கே தனித்துப் பேசும் உரிமை. அரசின் அனுமதியில்லாமல் ஆட்குறைப்பு செய்யும் வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்திருக்கிறது. சிதறிக் கிடப்பவர்களுக்கு இனி இன்னும் சிரமம்.

சங்கம் அமைப்பது அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தரும் உரிமை. வேலைக்குச் சேரும் தம்பி, தங்கைகள் ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அந்த இடத்தில் சங்கம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பேச்சைத் தொடங்குங்கள்.